வாங்கத் தெரியாத வள்ளல்

அந்த ஆளுக்கு "வள்ளல்" என்று பேர் வந்தது பெரிய கதையெல்லாம் இல்லை. ஏதோ ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவனுக்குப் பேச்சு வரவில்லை. வாய்க்கு வந்த வார்த்தை ஒன்றை எடுத்து இவர்மேல் போட்டான். போட்டவன் வீட்டுக்குப் போவதற்குள் மறந்திருப்பான். இவர் மறக்கவில்லை. அடுத்த வாரமே ஸ்கூட்டரின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் "வள்ளல்" என்று ஒட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அவர் மனைவி அதை ஒருதரம் வாசித்தாள்.

"இது வண்டிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கம்பெனியில் துணி வெட்டுகிறவள் அவள். மடிப்பு மடிப்பாக அடுக்கிய துணியின்மேல் வெட்டு மிஷினை ஓட்டினால் கைக்குட்டையளவு துண்டுகூட வீணாகாது. அங்கே அவளைக் "கத்திரி" என்பார்கள். துணி வெட்டுகிறாளே என்பதற்காக மட்டும் வைத்த பேர் இல்லை அது. அவள் வாயில் ஒருமுறை மாட்டியவர்களுக்குத் தெரியும்.

வள்ளல் லிஃப்ட் மெக்கானிக். குறை சொல்லவேண்டும் என்று உட்கார்ந்தாலும் அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. பத்து மாடி, பதினைந்து மாடிக் கட்டடங்களின் உச்சியில், கோடையில் அடுப்பு மாதிரி காயும் மோட்டார் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, கம்பிவடத்தில் ஒரு நூலிழை பிரிந்திருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு ஒரு வேத வாக்கு உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒப்பிப்பார்.

"ஆள் ஏறாம கரண்ட் மீட்டர் மட்டும் ஏறுதுன்னு வைங்க, உள்ள எதுவோ உரசுதுன்னு அர்த்தம். சத்தம் வரல, நல்லாத்தானே ஓடுதுன்னு விட்டுட்டா நீ மெக்கானிக்கே இல்ல. லிஃப்டை நிறுத்து, போர்டை மாட்டு, மூடியைத் தொற."

"பழுது பார்க்கப்படுகிறது, ஏற வேண்டாம்" என்று எழுதிய தகர போர்டு ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். இப்படிப்பட்ட மனுஷன் தன் உடம்பு விஷயத்தில் என்ன கூத்து அடித்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆரம்பம் நல்ல ஆரம்பம்தான், அதை மறைக்கக்கூடாது. கூட வேலை பார்த்தவரின் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சையில் அந்த அம்மாவின் பிளேட்லெட் தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டது. பிளேட்லெட் என்பது ரத்தத்தில் மிதக்கிற பொடித் துணுக்குகள். எங்கே காயம் பட்டாலும் ஓடிப்போய் அடைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் பல் தேய்த்தால்கூட ரத்தம் நிற்காது. வள்ளல், அப்போது அவர் வெறும் மெக்கானிக், ஓடிப்போய் ரத்த வங்கியில் படுத்தார். ஒரு மிஷின் கையிலிருந்து ரத்தத்தை இழுத்து, சுழற்றி, பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி உள்ளேயே விட்டது. அந்த அம்மா பிழைத்து எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவரும் அழுதார். அன்றைக்கு அவரைப் பார்த்துக் கத்திரிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் ரத்ததானக் கழகம் ஒன்று இவரைப் பிடித்துக்கொண்டது. அதன் தலைவர் குளியலறைக் குழாய் விற்கிற கடைக்காரர். மேடையில் ஏறினால் அவர் வாயும் ஒரு குழாய்தான், மூடத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு கேடயம். கூடத்துச் சுவர் நிரம்பிப் போய், மகள் கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலும் ஒரு கேடயத்தை மாட்டினார் மனுஷன். தூசி தட்டுவது யார்? கத்திரிதான்.

கொடுப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எண்ணைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் கொடுப்பதற்கு முன்னால் பிளேட்லெட் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்களே, அந்த எண். முதலில் இரண்டரை லட்சம். அப்புறம் மூன்று. நாலு. யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நாலு லட்சம்!" என்பார். கேட்டவன் சம்பளமா, கடனா என்று விழிப்பான்.

கத்திரியின் தம்பி வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். ஒல்லிப்பிச்சான், பேச்சு கம்மி. அக்கா சொன்னாள் என்று ஒருநாள் கழகத்தின் முகாமுக்கு வந்தான். ரத்தப் பிரிவு பார்த்தார்கள், மாமாவின் பிரிவேதான். எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேலே. அது போதும், கொடுக்கலாம். ஆனால் வள்ளலுக்கு வாய் சும்மா இருக்குமா? முகாமில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "தண்ணி விக்கிறவன் உடம்புல தண்ணிதானே ஓடும்! இவங்க வீட்டு ரத்தமே அப்படி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குழாய்க்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனவன்தான், அதற்கப்புறம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேளுங்க."

"தமாஷுக்குச் சொன்னதுக்கெல்லாமா மன்னிப்பு கேப்பாங்க?"

அவளும் விடவில்லை, அவரும் கேட்கவில்லை.

எண் ஏறிக்கொண்டே இருந்தது. கூடவே ஒரு இருமலும் வந்து ஒட்டிக்கொண்டது. "லிஃப்ட் குழித் தூசி" என்றார். இடுப்பில் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போனது. "வேலை ஜாஸ்தி" என்றார். "டாக்டர்கிட்ட போவோம்" என்றாள் கத்திரி. "என் ரத்தத்தைப் பாத்து டாக்டருங்கதான் ஆச்சரியப்படுறாங்க, நான் எதுக்கு அவங்ககிட்ட போகணும்?" என்றார். இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது!

அந்த வருஷத்து விழாவில் கத்திரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைவர் குழாயைத் திறந்து ஒருவழியாக மூடியபின் வள்ளல் மைக்கைப் பிடித்தார்.

"போன வாரம் கொடுக்கப் போயிருந்தேன். டெஸ்ட் பண்ணாங்க. அஞ்சு லட்சத்து எழுபதாயிரம்! அந்த டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? 'இனிமே நீங்க இங்க வராதீங்க, முதல்ல ஒரு டாக்டரைப் போய்ப் பாருங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. என் ரத்தம் மெஷினுக்கே தாங்கலைங்க!"

அரங்கமே கைதட்டியது. கத்திரி கைதட்டவில்லை. கொடுக்க வராதே என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டரைப் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். துரத்திவிட்டதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வந்து மேடையில் அளந்துகொண்டிருக்கிறார், அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம். இவர்கள் மத்தியில் இந்த ஆள் செத்தே போய்விடுவார், அதற்கும் கைதட்டுவார்கள் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் வள்ளல் வேலைக்குக் கிளம்பிப் பையை எடுத்தார், கனம் குறைந்திருந்தது. தேடிக்கொண்டே கூடத்துக்கு வந்தார். கேடயங்களுக்கு நடுவில், நேற்று வாங்கிவந்த கேடயத்தின் மேலேயே, அவருடைய தகர போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. பழுது பார்க்கப்படுகிறது, ஏற வேண்டாம்.

"என்னடி இது கோமாளித்தனம்?"

"நீங்க சொல்ற வேதம்தான். ஆள் ஏறாம மீட்டர் ஏறுது. உள்ள எதுவோ உரசுது. ஊரான் லிஃப்டுன்னா மூடியைத் தொறப்பீங்க, உங்க லிஃப்டுன்னா மாலைபோட்டு சுவத்துல மாட்டுவீங்களா? நீங்கல்லாம் ஒரு மெக்கானிக்!"

மற்றது எதைச் சொல்லியிருந்தாலும் எடுத்தெறிந்து பேசியிருப்பார். தொழிலில் கைவைத்துவிட்டாள். மனுஷன் போர்டை இன்னொருதரம் வாசித்தார். அப்புறம் பையைக் கீழே வைத்தார்.

ஸ்கேனில் நுரையீரலில் கட்டி. பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் போயிருந்தது. புற்றுநோய் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"பிளேட்லெட் ஏறுனா எல்லாமே கேன்சர்னு இல்ல. கிருமித் தொற்று இருந்தாலும் ஏறும், இரும்புச் சத்து கம்மியா இருந்தாலும் ஏறும். ஆனா காரணம் தெரியாம ஏறிக்கிட்டே போச்சுன்னா உள்ள தேடிப் பாக்கணும். சில கட்டிங்க தூது அனுப்பும். அதைக் கேட்டு கல்லீரல் எலும்பு மஜ்ஜையை முடுக்கிவிடும், மஜ்ஜை பிளேட்லெட்டைச் செஞ்சு தள்ளும். உங்களுக்கு ஏறுனது அதனாலதான்னு தோணுது."

"அதனால கட்டிக்கு என்ன லாபம்?" என்று கத்திரி கேட்டாள்.

"நிறைய. கட்டியிலேருந்து பிரிஞ்சு ரத்தத்துல வர்ற செல்லு தனியா வந்தா பெரும்பாலும் பொழைக்காது. நம்ம காவல் செல்லுங்க புடிச்சுக் கொன்னுடும். பிளேட்லெட் போய் அதைச் சுத்தி ஒட்டிக்கிச்சுன்னா காவலுக்கு அடையாளம் தெரியாது. ரத்தக்குழாய் சுவத்துல அது ஒட்டுறதுக்கும், ஓட்டை வழியா வெளியேறி வேற இடத்துல குடியேறுறதுக்கும் பிளேட்லெட்டே கைகொடுக்கும். காயம் ஆறட்டும்னு அதுக்குள்ள வளர்ச்சிப் பொருள் இருக்கு. அதையும் கட்டிக்குக் கொட்டிக் கொடுத்துடும். காயம் எது, கட்டி எதுன்னு அதுக்குத் தெரியாதும்மா."

"அப்ப இவரு ரத்தமும் இவரை மாதிரியேதான். எவன் கைதட்டினாலும் வாரி வழங்கிடும்," என்றாள் கத்திரி. சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் முட்டியது.

வள்ளல் டாக்டரம்மா பக்கம் திரும்பி, "நான் கொடுத்தேனே... வாங்குனவங்களுக்கு இது போயிருக்குமா?" என்று கேட்டார். கொடுத்ததைப் பற்றிப் பல வருஷத்தில் எண் எதுவும் இல்லாமல் அவர் பேசிய முதல் பேச்சு. கேன்சர் இருப்பது தெரியாமல் கொடுத்தவர்களிடம் வாங்கியவர்களைப் பெரிய அளவில் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், அதனால் கேன்சர் கூடினதாகத் தெரியவில்லை என்று டாக்டரம்மா சொன்னதும் அவர் மூச்சு விட்டார். கத்திரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதெல்லாம் சுலபமாக நடக்காது. நேற்றுவரை பிளேட்லெட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர் இப்போது அதைக் கரித்துக் கொட்ட ஆரம்பித்தார். துரோகி என்றார், கூட இருந்தே குழிபறித்த பயல் என்றார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வராத தலைவர் ஃபோனில் மட்டும் அக்கறையாக ஒரு செய்தி அனுப்பினார்: ஆஸ்பிரின் மாத்திரை பிளேட்லெட்டை அடக்கும், புற்றுநோய் பரவாது. அவ்வளவுதான். வள்ளல் யாருக்கும் தெரியாமல் வாங்கித் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்துப் போட்டுக்கொண்டார்.

கீமோ மருந்து மஜ்ஜையையும் சேர்த்துத்தான் அடிக்கும். இரண்டாவது சுற்று முடிந்து சில நாளில், ஐந்தரை லட்சத்துக்கும் மேலே நின்றது பதினான்காயிரத்துக்கு வந்துவிட்டது. மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. வீட்டுத் தலையணையோடு வார்டில் சேர்ந்தார். தலையணை உறையை மாற்றும்போது நர்ஸ் கையில் மாத்திரை அட்டை சிக்கியது.

டாக்டரம்மாவுக்கு வந்த கோபம்! "ஆஸ்பிரினை வச்சு ஆராய்ச்சி நடக்குதுன்னா, உங்களுக்கு ஆகும்னு யாரு சொன்னது? ஏறி நிக்கிறப்பவே கேக்காம போடக்கூடாது. எண்ணிக்கை விழுந்து கிடக்குறப்ப போட்டா, மிச்சம் இருக்கிற நாலு பிளேட்லெட்டும் வேலை செய்யாது. மூளையில கசிஞ்சா என்ன பண்ணுவீங்க? உடனே பிளேட்லெட் ஏத்தணும். ஏறலைன்னா அடுத்த கீமோவே கொடுக்க முடியாது."

"எனக்கு ஏத்தாதீங்க," என்றார் வள்ளல். மூக்கில் பஞ்சோடு. "அது கட்டிக்கு அடியாளுன்னு நீங்கதானே சொன்னீங்க? எதிரிக்கு நானே சோறு போடணுமா? செத்தாலும் பரவாயில்ல, வேண்டாம்."

டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இப்போது ரத்தம் கசிகிறதுதான் முதல் ஆபத்து, மற்றது அப்புறம் என்றாள். தலையாட்டவே இல்லை அவர். கையெழுத்தும் போடமாட்டேன் என்றார். கத்திரி எல்லோரும் வெளியே போகும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"எனக்குக் காது குத்தாதீங்க. உங்களுக்குப் பயம் கட்டியைப் பாத்து இல்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடுத்தவன் கொடுத்து நாம வாங்குறதா, வள்ளல் கை நீட்டுறதான்னு இருக்கு உங்களுக்கு. ஸ்கூட்டர்ல ஒட்டுன ஸ்டிக்கருக்காக என்னைத் தாலியறுக்க வைக்கப் பாக்குறீங்க. அந்தப் பொம்பளை, உங்க ஃபிரண்டு பொண்டாட்டி, உங்ககிட்ட வாங்கிட்டுத்தானே பொழைச்சா? அவ என்ன, கேவலமானவளா? வாங்குனவங்க அத்தனை பேரும் உங்களைவிட மட்டமா? அப்படி நெனச்சுக்கிட்டா இத்தனை வருஷம் கொடுத்தீங்க? நீங்க இல்லாம நான் இருந்துடுவேன்னு நெனைக்காதீங்க. என்னால முடியாது."

கடைசி இரண்டு வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. வாழ்நாளில் அவர்முன் உடையாத குரல். வள்ளல் சுவரைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டினார், பேனாவுக்கு.

ரத்த வங்கியில் அந்தப் பிரிவு அப்போது கையிருப்பில் இல்லை. பிளேட்லெட்டைச் சேர்த்துப் பூட்டி வைக்க முடியாது. ஃபிரிட்ஜிலும் வைக்கக்கூடாது. ஏசி அறையின் குளிர்ச்சியில், ஆடுகிற தட்டில் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும், அப்படியும் சில நாள்தான் தாங்கும். ஆள் வந்து படுத்தால்தான் உண்டு. கத்திரி கழகத்துத் தலைவருக்கு ஃபோன் போட்டாள்.

"அடடா, வள்ளலுக்கா! ஏத்தும்போது சொல்லுங்கம்மா, ஃபோட்டோகிராஃபரோட வர்றேன்."

"ஃபோட்டோ இருக்கட்டும், நீங்க வந்து கொடுங்க. அதே பிரிவுன்னு மேடையில சொன்னீங்களே."

"நானா? எனக்கு ஊசின்னாலே தலை சுத்தும்மா. நான் இதுவரைக்கும் கொடுத்ததே இல்ல."

"அப்ப அந்த மைக்கையாவது கீழ வைங்க," என்று சொல்லி ஃபோனை வைத்தாள். மற்றவர்களில் ஒருவர் ஊரில் இல்லை, ஒருவருக்குச் சளி, ஒருவர் எடுக்கவே இல்லை. அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே எண். எந்த முகத்தோடு பேசுவது என்று தயங்கினாள். தம்பி முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"எந்த ஆஸ்பத்திரி, அக்கா?" என்றான்.

கேன் வண்டியோடே வந்து சேர்ந்தான்.

பை வந்தது. சின்னப் பை. வெளிறிய மஞ்சளாக, கலங்கல் தண்ணீர் மாதிரி இருந்தது. நர்ஸ் கம்பியில் மாட்டினாள். இத்தனை வருஷம் கொடுத்த மனுஷன், பை இன்னொருவர் தலைக்குமேல் தொங்குவதை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. கொடுத்ததும் எழுந்து கேடயம் வாங்கப் போய்விடுவார். இப்போது படுத்த வாக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவேதான். இதுக்குத்தான் என் பொண்ணு கல்யாணப் படத்தைக் கழட்டுனீங்க."

சொட்டுச் சொட்டாக இறங்கியது. பாதிப் பை இறங்கியபின் மெதுவாகக் கேட்டார். "யாரோடது?"

கத்திரி கதவைப் பார்த்தாள். தம்பி அங்கே நின்றுகொண்டிருந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சு, உள்ளே வரலாமா வேண்டாமா என்கிற முகம்.

வள்ளல் அவனைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்தார். கண்ணீர் ஒரு கோடாகக் கன்னத்தில் இறங்கிக் காதுக்குள் போனது.

"மாப்ள," என்றார். "உள்ள வா. கொடுத்துட்டு இப்படி நிக்கக்கூடாது, மயக்கம் வரும். உக்காரு."

அவன் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "இப்ப எப்படி இருக்கு, மாமா?"

எப்படி இருக்கிறது என்று கேட்டால் லட்சத்தில் பதில் சொல்கிற மனுஷன், மேலே தொங்குகிற மஞ்சள் பையைக் கண்ணால் காட்டினார்.

"தண்ணி நல்லா இருக்கு, மாப்ள."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். பாருங்கள், சாகக் கிடந்தபோதும் மன்னிப்பு என்கிற வார்த்தை அந்த வாயில் வரவில்லை. திமிர் பிடித்த மனுஷன். கத்திரி நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பை முழுசாக இறங்குகிறவரை அவர் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.